பொறுத்துக்கிட்டேன் என்று நான் சொன்னது

முதல் வெடி. ஏழாம் நம்பர் ரூம் போகிறது. அது நான் கட்டியது.

இரண்டாம் வெடி. எட்டாம் நம்பர். அதுவும் நான் கட்டியது.

ஐந்தாம் நம்பர் ரூமுக்குள் குப்புறக் கிடக்கிறேன். வாயெல்லாம் சுண்ணாம்பு. வலது காதில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரே சத்தம். முன்வாசலில் கூரை உத்தரம் இறங்கிக் கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் தீ. பின்கதவு பூட்டியிருக்கிறது. பூட்டினது நான். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. பூட்டு வெளியே இருக்கிறது.

கிடந்தபடியே என் ரூம்களை எண்ணுகிறேன். மொத்தம் பதினாலு. பதினாலும் என் கையால் எழும்பியவை. நாரணாபுரத்துக்கு மேற்கே அந்த இடம் உடைமரக் காடாகக் கிடந்தது. ஆடுகூட நுழையாது. நான் வெட்டித் திருத்தினேன். கிணறு தோண்டினேன். முப்பது அடியில் பாறை. பிளந்தேன். கொத்தனாருக்குக் கையாள் வைக்க வழியில்லை. நானே சாந்து குழைத்தேன். என் வீட்டுக்காரி கல் சுமந்தாள். ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுக் கட்டினேன். ரூமுக்கு ரெண்டு வாசல் வைத்தேன். சுவரில் எத்தனை ஆள் உட்காரலாம் என்று நானே பெயிண்டில் எழுதினேன். எனக்கு நன்றாக எழுத வந்தது எண்கள் மட்டும்தான்.

என் அப்பன் ஊரார் கரிசலில் கூலிக்கு உழுதவர். நான் நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவன். லைசென்சுக்காக விருதுநகருக்கு நடையாய் நடந்தேன். உட்காரச் சொன்னவர்கள் கம்மி. பட்டாசுக் கம்பெனி எடுத்த மூன்றாம் வருசம் வடக்கே லோடு அனுப்பினேன். என்னோடு குச்சி அடுக்கினவர்கள் எத்தனையோ பேர். நான் ஒருத்தன்தான் முதலாளி ஆனேன். யாரும் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இதை நானே எழுதுகிறேன். நானே அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

வருசம் ரெண்டாயிரத்து நாலு. விஜயதசமி. காலை ஒன்பது பத்து. கை வாட்ச் நிற்காமல் ஓடியது. அதனால் மணி எனக்குத் தப்பாது.

மூன்றாம் வெடி ஒன்பது பதினான்குக்கு. அது ஒன்பதாம் நம்பர்.

ரூமுக்குள் நான் மட்டும் இல்லை. என் காலடியில் மாடசாமி கிடக்கிறான். என் போர்மேன். முதுகு முழுக்க வெந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உத்தரம் விழுந்து அழுத்துகிறது. முனகவில்லை. மூச்சு மட்டும் சீறிச் சீறி வருகிறது.

அவன் எப்படி அங்கே வந்தான் என்பதை எழுத வேண்டும். அதற்கு முதல் நாளுக்குப் போக வேண்டும்.

முதல் நாள் ஆயுத பூஜை. தீபாவளி சீசனின் கடைசி வாரங்கள். பூஜைக்காகக் காலையிலிருந்தே எல்லா ரூமையும் கழுவிவிட்டார்கள். மதியம்வரை ஏழாம் நம்பரில் மட்டும் வேலை நடந்தது. அது வெடிமருந்து கலக்குகிற ரூம். மாடசாமிதான் கலந்தான். வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகத்துக்கான மருந்து. அதில் அலுமினியப் பவுடர் உண்டு. மூன்று மணிக்கு வேலையை நிறுத்தச் சொன்னேன். பித்தளைச் சருவச்சட்டியில் கால்வாசி மருந்து மிஞ்சியது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கலந்த மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது. அன்றன்றைக்குத் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தூரத்தில் இருக்கிற எரிகுழியில் கொட்டி எரித்துவிட வேண்டும். ஈரம் பட்டால் அந்த மருந்து தானாகச் சூடேறும். நெருப்புக் குச்சி வேண்டாம். எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நாலு மணிக்குப் பூஜை. சல்லடை, தராசு, திரி வெட்டுகிற கத்தி, எல்லாம் ஏழாம் நம்பரில் வரிசையாக வைத்தாயிற்று. நான்தான் பொட்டு வைத்தேன். சட்டிக்கும் வைத்தேன். எங்கள் வழக்கத்தில் பொட்டு வைத்த சாமானை மறுநாள் பூஜை பிரிக்கிறவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருசம் தொழில் நிலைக்காது என்பார்கள்.

மாடசாமி சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஏலே, எங்க போற?"

"குழியில கொட்டிட்டு வந்துருதேன் அண்ணாச்சி. ரெண்டு நிமிசம்."

"ஏலே, பொட்டு வச்ச சட்டி அது. நல்ல நாளும் அதுவுமா நெருப்புல கொண்டு கவுக்கப் போறியாக்கும்?"

"ரூம் பூரா கழுவி விட்டுருக்கு. ஈரமா இருக்குல்லா."

"துணி போட்டு மூடு. லீவு முடிஞ்சு முத வேல அதுலதான். வை கீழ."

வைத்தான். துணி போட்டு மூடினான். ராமுத்தாய் பக்கத்தில் நின்று சிரித்தாள். "இந்தா மாடசாமி, சாமிய விட ஒனக்குச் சட்டி பெருசாப் போச்சோ. சுண்டலத் தின்னுட்டு வீட்டுக்குப் போற வழியப் பாரு," என்றாள். ராமுத்தாய் எங்கள் கம்பெனியில் மூத்த ஆள். கைராசிக்காரி. ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் திரியை அவள் கையால்தான் வெட்டச் சொல்வேன்.

சாமிக்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன். வடக்கே போகிற கடைசி லோடுக்குச் சரக்கு பத்தவில்லை. லீவு முடிந்து வந்து திரும்பக் கலந்தால் அரை நாள் போகும். மருந்து தயாராக இருந்தால் காலையிலேயே உட்காரலாம். பொட்டு எனக்கு வசதியாகப் போயிற்று.

பெறகு மாலை. கதம்ப மாலை. பூக்கடையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்தது. கையில் எடுத்தால் சொட்டியது. எல்லாச் சாமானுக்கும் நடுவில் சட்டிதான் எடுப்பாக இருந்தது. அதன் மேல் போட்டேன். மாடசாமி குனிந்து அதை எடுத்துச் சல்லடைப் பக்கம் தள்ளி வைத்தான்.

"ஈர மாலை அண்ணாச்சி."

நான் எல்லோர் முன்னாலும் அதைத் திரும்ப எடுத்துச் சட்டி மேலேயே போட்டேன். போர்மேன் சொல்லி முதலாளி மாற்றுவதா என்று நினைத்தேன். அம்புட்டுத்தான். சூடம் காட்டினேன். கதவைப் பூட்டினேன். மறுநாள் லீவு என்று எல்லா ரூமின் பின்கதவையும் பூட்டினேன். வேலை நாளில் ரெண்டு கதவும் திறந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். லீவு நாளுக்குச் சட்டம் இல்லை என்று எனக்கு நினைப்பு.

ராத்திரி தூறல் விழுந்தது. நான் நன்றாகத் தூங்கினேன்.

காலை ஒன்பது மணி. நாலு பேர் வந்தோம். நான். மாடசாமி. ராமுத்தாய். அவள் மருமகள் செல்லக்கனி. பூஜை பிரித்து, பேருக்கு ஒரு திரி வெட்டி நாள் செய்துவிட்டுப் போக நாலு பேர் போதும். மற்ற ரூம்களின் முன்கதவைத் திறந்துவிட்டு ஏழாம் நம்பரை நான் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாடை. மாட்டுத் தொழுவத்து மூத்திர வாடை மாதிரி, கண்ணைக் கரிக்கிற வாடை. மாடசாமி என்னை விலக்கிவிட்டு உள்ளே போனான். மாலையைத் தூக்கினான். பூவெல்லாம் வெந்து கறுத்திருந்தது. சட்டியின் பக்கத்தில் கையை வைத்தான். வெடுக்கென்று இழுத்தான்.

"சட்டி சுடுது. ஓடுங்க. ஓடுங்க எல்லாரும்."

பெண்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் இருந்த எட்டாம் நம்பருக்குள் ஓடினார்கள். பழகின கால். வெடிச் சத்தம் கேட்டால் அடுத்த ரூம் வழியாகப் பின்கதவில் இறங்கி ஓடு என்று நான்தான் பழக்கியிருந்தேன். எட்டாம் நம்பரில் முடிந்த சரக்கு இருந்தது. பின்கதவில் என் பூட்டு இருந்தது.

மாடசாமி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். ஐந்தாம் நம்பரில் வெறும் காகிதக் குழாய்தான். அதற்குள் என்னைத் தள்ளினான். தள்ளிவிட்டு வெளியே திரும்பினான்.

"ராமுத்தாயக்கா, அங்கன போகாதீக. பின்கதவு பூட்டியிருக்கு. திரும்புங்க."

அதுதான் அவன் சத்தம் போட்டுச் சொன்ன கடைசிச் சொல். ஒன்பது பத்து. முதல் வெடி. ரெண்டாம் வெடியில் அவன் பறந்து வந்து உள்ளே விழுந்தான். கூரை அவன் மேல் இறங்கியது.

இப்போது ஒன்பது நாற்பது.

சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருக்கிறது. பட்பட்டென்று சரம் மாதிரி. நடுவில் பெரிசாக ஒன்று. பெறகு அமைதி. அமைதிதான் பயமாக இருக்கிறது. தீயணைப்பு வண்டி மணி கேட்கிறது. கிட்டே வரவில்லை. வர முடியாது. வெடிக்கிற இடத்துக்குள் எந்த மனுசனும் வர முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களைத் திட்டுகிறேன்.

உத்தரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பின்கதவை உதைத்தேன். தேக்கு. நான் வாங்கிப் போட்டது. மட்டமான மரத்தில் கதவு போடுகிறவன் நான் இல்லை. தோளால் இடித்தேன். கல்லால் இடித்தேன். சாவியை எடுத்து உள்பக்கமாகக் கதவில் சுரண்டினேன். பைத்தியக்காரன் மாதிரி. எம்புட்டு நேரம் என்று தெரியாது, சாவி முறிகிறவரை சுரண்டினேன்.

பத்து இருபது. புகை தரையைத் தொடுகிறது. சுவரின் மேல்பக்கம் காற்றுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தேன். அதன் வழியாக ஒரு குரல்.

"உள்ள யாரும் இருக்கீகளா?"

பக்கத்துத் தோட்டக்காரர் நாகையா. வெடிக்கு நடுவில் வேலிக்குள் புகுந்து சுவரோரம் ஊர்ந்து வந்திருக்கிறார். குரல் கொடுத்தேன். இருங்க, கடப்பாரைக்கு ஆள் போயிருக்கு என்றார். ஓட்டைப் பக்கமே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் நாங்கள் செத்துவிடுவோம் என்று அவருக்கு நினைப்பு.

பத்து ஐம்பது. மாடசாமி கண்ணைத் திறந்தான்.

"அண்ணாச்சி."

"இங்கனதான் இருக்கேன்லே."

"ராமுத்தாயக்கா?"

நான் முகத்தைத் திருப்பினேன். அவனுக்கு விளங்கியது. பெறகு சொன்னான்.

"நான் அந்தச் சட்டிய நேத்தே கவுத்திருக்கணும். நீங்க வைனு சொன்னாலும் வச்சிருக்கப்படாது. போர்மேன் நாந்தான. மனசுல வச்சுக்கிடாதீக அண்ணாச்சி. பொறுத்துக்கிடுங்க."

எங்கள் ஊரில் யாரும் மன்னிப்பு என்று சொல்ல மாட்டோம். அது பேப்பரில் வருகிற சொல். பொறுத்துக்கிடுங்க என்போம்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏலே மாடசாமி, வைக்கச் சொன்னது நான், மாலை போட்டது நான், பூட்டினது நான், நீதான் என்னைப் பொறுத்துக்கணும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் அந்தப் பேச்சுக்குப் பழகவில்லை. முப்பது வருசமாக எல்லோரும் என்னிடம்தான் பொறுத்துக்கிடச் சொல்வார்கள். லேட்டாக வந்தவன் சொல்வான். சரக்கைக் கெடுத்தவன் சொல்வான். நானும் சரி போ என்பேன். தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கிற மாதிரி அதையும் மேலேயிருந்து கீழே கொடுப்பேன். அதே வாய்தான் அன்றைக்கும் சொன்னது.

"பொறுத்துக்கிட்டேன்லே. நீ பேசாம இரு."

அவன் முகம் லேசாயிற்று. நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சொல் வாயை விட்டு வந்தபோது எனக்குள்ளும் ஏதோ இறங்கியது. பாரம் அவன் பக்கம் போய்விட்ட மாதிரி. உத்தரத்துக்குக் கீழே கிடந்தவன் மேல் இன்னொன்றையும் ஏற்றினேன்.

பதினொன்று இருபத்தைந்து. மாடசாமி மூச்சு நின்றது. அதற்குப் பிறகும் ஒரு மணி பத்து நிமிசம் அவனோடு அந்த ரூமில் இருந்தேன். வெடி ஓய்ந்த பிறகு, பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பின்கதவை உடைத்தார்கள். வெளிச்சம் வந்தது. நான் நடந்து வெளியே வந்தேன். யாரும் தாங்கவில்லை. அதைக்கூட அப்போது பெருமையாக நினைத்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நாலாம் நாள் போலீஸ்காரர்கள் வாக்குமூலம் எழுத வந்தார்கள். அதற்கு முன்னாலேயே நாகையா தான் கேட்டதைச் சொல்லியிருந்தார். நல்ல மனுசன். பொய் சொல்லவில்லை. போர்மேன் நான்தான் கவிழ்த்திருக்க வேண்டும் என்று தன் வாயால் சொன்னான், முதலாளி பொறுத்துக்கிட்டேன் என்றார், காதால் கேட்டேன் என்றார். சுவர் ஓட்டை வழியாக எல்லாச் சொல்லும் விழாது. 'நீங்க வைனு சொன்னாலும்' என்றது அவருக்கு விழவில்லை. அப்போது ஒரு வெடி.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். போர்மேனின் கவனக்குறைவால் மிச்ச மருந்து அகற்றப்படவில்லை. சரிதானா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கு நன்றாகவே எழுத வரும்.

கேஸ் முடிந்தது. லைசென்ஸ் ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. கம்பெனியைத் திரும்ப எழுப்பினேன். இன்னும் உறுதியாக எழுப்பினேன். ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. கொன்றவனையே சாகும்போது மன்னித்த மனுசன் என்றார்கள். மேடையில் துண்டு போட்டார்கள். நான் கழுத்தை நீட்டினேன்.

மாடசாமி பெண்டாட்டி பேச்சியம்மாள் அதே தெருவில்தான் இருந்தாள். அவள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ராமுத்தாய் வீடு. ராமுத்தாய் மகன் மாரியப்பன். ஒரே நாளில் அம்மாவையும் பெண்டாட்டியையும் பறிகொடுத்தவன். அவன் பேச்சியம்மாளைக் கண்டால் காறித் துப்புவான். தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்துவார்கள். "ஒம் புருசன் கைபட்ட தெரு, பாத்து நடக்கணும் தாயி," என்று ஒருத்தி சொன்னாளாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது. ஒரு வருசம். தினமும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கம்பெனிக்குப் போவேன்.

மறு விஜயதசமி வந்தது. முதல் திரி வெட்டுவதற்குக் கத்தியைக் கையில் எடுத்தேன். ராமுத்தாய் வெட்டுகிற கத்தி. கத்தியை வைத்துவிட்டுப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி.

அவள் வாசலில் குத்த வைத்துப் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க. வழி தெரிஞ்சிருச்சா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி. மாலை. பூட்டு. கையெழுத்து. அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், என்னைப் பொறுத்துக்கோ தாயி என்றேன்.

சுளகைக் கீழே வைத்தாள்.

"அவுக சாகயில பொறுத்துக்கிட்டேன்னு சொன்னீகளாம்ல. எதைப் பொறுத்தீக?"

அவளே சொன்னாள்.

"செய்யாத தப்ப நீங்க பொறுத்துக்கிட்டீக. அதனால அது செஞ்ச தப்பா ஆயிருச்சு. அது இந்த வீட்டுலயே கெடக்கு. மொதல்ல அதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. பெறகு மத்ததைப் பேசலாம்."

"எப்பிடித்தா எடுக்க?"

"கொடுக்கத் தெரிஞ்சவுகளுக்கு எடுக்கத் தெரியாதாக்கும்."

திரும்பச் சுளகை எடுத்துக்கொண்டாள். எனக்கு இப்போது வயசு அறுபத்தாறு. மன்னிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பாடம் அந்த வாசலில் கேட்டதுதான். பெரிய மனசு இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். யாருக்கு எதைப் பொறுக்க உரிமை இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்கு உரிமை இல்லாத ஒன்றை நான் கொடுத்தேன். வாங்கினவன் செத்துவிட்டான். இனி எப்படித் திருப்பி வாங்குவது?

அங்கேயிருந்து நேரே மாரியப்பன் வீடு. அவனிடமும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. அவன் ஆடிப் போய்ச் சுவரில் சாய்ந்தான்.

"பூட்டு நீங்க போட்டதா?"

"நான் போட்டதுதான்."

"அவரு திரும்பி வந்து எங்கம்மாவக் கூப்புட்டாராக்கும்?"

"கூப்புட்டான். அதுக்காகத்தான் வெந்தான்."

"ஒரு வருசமா அந்தக்காவப் பாத்துத் துப்புனேன் அண்ணாச்சி. நான் இப்ப யாருகிட்டப் போயி நிக்க?"

அவனே போனான். பேச்சியம்மாள் வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காருலே. வெயில்ல என்ன நிப்பு."

உட்கார்ந்தான். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பக்கத்தில் பகை உள்ள வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம். அவன் அண்ணாந்து குடித்தான். தெருவில் நின்று நான் பார்த்தேன். அங்கே பொறுத்துக்கிட்டேன் என்ற சொல்லே வரவில்லை. எனக்கு அந்த வீட்டில் இன்றுவரை தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். முயற்சி செய்தேன். போலீஸ் ஸ்டேசனில் மனுக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார்கள். பழைய வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார்கள். கீழே என் கையெழுத்து. வக்கீல், "மூடுன பைலுக்கு மேல ஏன் ஏறி ஒக்காருதீக அண்ணாச்சி," என்றார். என் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். எந்தக் கதவை உதைத்தாலும் பூட்டு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ரெண்டாயிரத்து எட்டில் ஒரு பாதுகாப்பு வகுப்பு. சீசனுக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து நடத்துவோம். போர்மேன்கள் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்த வந்தவர் சொன்னார்.

"மிச்ச மருந்தை வச்சா என்ன ஆகும்? மாடசாமி கதை தெரியும்ல. மாடசாமி வேல பாக்காதீக."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பெயர் எங்கள் தொழிலில் ஒரு சொல்லாகிவிட்டது. சட்டியைக் கழுவாதவனை, மருந்தைச் சிந்துகிறவனை, ஏலே மாடசாமி என்று திட்டுகிறார்கள். என்னோடு முப்பது வருசம் இருந்து ஒரு நாள்கூட ஒரு கரண்டி மருந்தை மிச்சம் வைக்காதவன்.

எழுந்தேன். மைக்கு வேண்டாம் என்றேன். எனக்குத் தொண்டை உண்டு. "மருந்தை வைக்கச் சொன்னது நான். கொட்டப் போனவனை மறிச்சது நான்," என்றேன்.

பாடம் நடத்தினவர் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தீகளா. செத்தவன் மேல பழி நிக்கக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிடுதாக. இந்த மனசு யாருக்கு வரும்?"

கை தட்டினார்கள். நூறு பேரும் தட்டினார்கள். இல்லை, நிசமாகவே நான்தான் என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒரு போர்மேன் வந்து என் காலைத் தொட்டான். ஐந்தாம் நம்பர் ரூமில்கூட எனக்கு அப்படி மூச்சு முட்டவில்லை.

ஆகவே எழுதுகிறேன். ரெண்டாயிரத்து ஒன்பது இப்போது.

போனது இது.

மாடசாமி. வயசு நாற்பத்தெட்டு. போர்மேன். என்னைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனவன்.

ராமுத்தாய். வயசு ஐம்பத்தொன்று. எட்டாம் நம்பரின் பின்கதவுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் கிடந்தாள்.

செல்லக்கனி. வயசு இருபத்துமூன்று. மாமியார் கையைப் பிடித்தபடி.

மனுசர் மூன்று. ரூம் நாலு. என் வலது காது. பேச்சியம்மாள் குழாயடியில் ஒதுக்கப்பட்ட ஒரு வருசம். மாரியப்பன் துப்பின ஒரு வருசம். மாடசாமி பெயர்.

முதல் மூன்றை யாராலும் கொடுக்க முடியாது. கடைசியில் எழுதியிருக்கிற பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம். நீங்கள்தான் கொடுக்க முடியும். பாடம் நடத்துகிறவர்களே, போர்மேன்களே, முதலாளிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். கெஞ்சவில்லை. நான் என் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சினதில்லை. என் கணக்கில் சேர வேண்டியதை என்னிடம் சேருங்கள். இந்தக் காரியத்தில் என் பங்கு பெரிசு. அதை ஒரு செத்த மனுசனுக்குக் கொடுத்துவிட்டு எனக்குக் கை தட்டாதீர்கள்.

மிச்ச மருந்துக் கதையை இனி எந்த இடத்தில் சொன்னாலும் இப்படிச் சொல்லுங்கள். மருந்தை வைக்கச் சொன்னது குருசாமி. ஈர மாலையைப் போட்டது குருசாமி. கதவைப் பூட்டினது குருசாமி. வேண்டாம் என்றது மாடசாமி.